கீமோ மருந்து இதயத்தைத் தாக்குவது ஏன்? ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ மாத்திரை காப்பாற்றுமா?

டாக்ஸோரூபிசின். செக்கச்செவேல் என்று இருக்கும் இந்த கீமோதெரபி மருந்துக்கு நோயாளிகள் வைத்த செல்லப்பெயர், ‘ரெட் டெவில்’. 1974-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்பகப் புற்றுநோய், லிம்போமா, குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் எனப் பலவற்றுக்கும் இன்றுவரை கைகொடுக்கிறது. ஆனால், புற்றுநோயை அடிக்கும் அதே மருந்து சிலருக்கு இதயத்தையும் பதம் பார்த்துவிடுகிறது.

‘காரணம் ஃப்ரீ ரேடிக்கல்தானே? அப்போ ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் போதுமே’ என்று தோன்றலாம். விஷயம் அவ்வளவு எளிதில்லை.

இதயத்துக்குள் என்ன நடக்கிறது?

செல்லுக்குள் நுழையும் டாக்ஸோரூபிசின், எலக்ட்ரானை வாங்கி ஆக்ஸிஜனிடம் கொடுக்கும். மறுபடி வாங்கும், மறுபடி கொடுக்கும். இந்தச் சுழற்சியில் உருவாகும் ஃப்ரீ ரேடிக்கல்கள், செல்லின் சவ்வையும் டி.என்.ஏ-வையும் அரிக்கும். செல்லில் இருக்கும் இரும்பும் சேர்ந்துகொண்டால் பாதிப்பு இன்னும் அதிகம்.

சரி, ஏன் இதயம்? ஓய்வே இல்லாமல் துடிப்பதால் அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நிறைய. மருந்து குறிவைப்பதும் அதைத்தான். ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் கேட்டலேஸ் போன்ற என்சைம்களோ, கல்லீரலைவிட இதயத்தில் ரொம்பக் குறைவு. செத்துப்போன இதயத் தசை செல்களுக்குப் பதிலாகப் புதியவை உருவாவதும் அரிது.

டோஸ் கூடினால் ஆபத்தும் கூடும்

இங்கே முக்கியம், ஒரு தடவை ஏற்றும் அளவு அல்ல; இதுவரை ஏற்றிய மொத்த அளவு. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 400 மி.கி. வரை போனவர்களில் 5 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு வரலாம் என்று 2003-ல் வெளியான ஆய்வு கணித்தது. 550 மி.கி. என்றால் 26 சதவீதம். 700 மி.கி. என்றால் 48 சதவீதம். அதனால்தான் டாக்டர்கள் இந்த மருந்துக்கு வாழ்நாள் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

மாத்திரை ஏன் கைவிட்டது?

வைட்டமின் ஈ, என்-அசிட்டைல்சிஸ்டீன் போன்றவை விலங்குகளில் நம்பிக்கை தந்தன. மனிதர்களிடம் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஒரு காரணம் 2012-ல் தெரியவந்தது. டி.என்.ஏ-வின் முறுக்கை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ் 2 பீட்டா என்ற என்சைமை எலிகளின் இதய செல்களில் இருந்து நீக்கியபோது, டாக்ஸோரூபிசினின் தாக்குதலில் இருந்து இதயம் தப்பியது. அதாவது, ஃப்ரீ ரேடிக்கல் மட்டுமே குற்றவாளி இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மார்பகப் புற்றுநோயாளிகள் 1,134 பேரிடம் நடந்து, 2020-ல் வெளியான ஆய்வில், கீமோவுக்கு முன்பும் கீமோ நடக்கும்போதும் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகள் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் போக்கு சற்று அதிகமாகத் தெரிந்தது. இது இறுதி முடிவு அல்ல. ஆனாலும் டாக்டரிடம் சொல்லாமல் எடுப்பது ரிஸ்க்.

அப்போ எதுதான் காக்கும்?

டெக்ஸ்ராசாக்ஸேன். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, செல்லில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. மேலே சொன்ன என்சைமிடமும் மருந்தை நெருங்கவிடாமல் தடுக்கிறது. டாக்ஸோரூபிசினுக்குச் சற்று முன்பாக நரம்பு வழியாக ஏற்றுவார்கள். எல்லோருக்கும் தருவதில்லை, பெரும்பாலும் மொத்த டோஸ் அதிகமாகப் போகிறவர்களுக்குத்தான்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை லிம்போமா நோயாளிகள் 300 பேரிடம் பலன் தந்ததாக 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த வேறோர் ஆய்வில் பலன் இல்லை.

டாக்டரிடம் கேளுங்கள்

இத்தாலியில் 2,625 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் 9 சதவீதம் பேருக்கு இதய பாதிப்பு வந்தது; கிட்டத்தட்ட எல்லாமே முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது. சிகிச்சை தொடங்கியதும் அவர்களில் 82 சதவீதம் பேருக்கு முழுமையாகவோ ஓரளவோ முன்னேற்றம் கிடைத்தது.

எனவே, வீட்டில் யாருக்காவது இந்த மருந்து ஏற்றப்போகிறார்கள் என்றால் கேட்க வேண்டியவை: மொத்தம் எவ்வளவு டோஸ்? எக்கோ பரிசோதனை எப்போதெல்லாம்? இதயப் பாதுகாப்பு மருந்து தேவையா? கூடவே, சாப்பிடும் சத்து மாத்திரைகளின் பட்டியலையும் காட்டிவிடுங்கள். மூச்சுவாங்கினாலோ, கால் வீங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.