சித்திரக்கதை படைப்போம்

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யுடன் வெளிவந்தது. அம்மாயாவி இங்கிலாந்தில் பிறந்து, தமிழ் பேச வந்தவன். நம் ஊர்க் கதையை வரைய அன்று அச்சகமும் முதலும் வேண்டியிருந்தன. இன்றோ ஒரு கணினியும் கிரிட்டா என்னும் விலையில்லா மென்பொருளும் போதும். ஆகவே, இனிச் சாக்குச் சொல்வதற்கில்லை.

முதலில் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'கொட்டிவாக்கம் கடற்கரையில், நள்ளிரவில், ஆமை முட்டைகளைத் தேடி ஒரு மாணவி நடக்கிறாள்.' இவ்வாறு சொல்ல இயலாவிடில், கதை இன்னும் உருப்பெறவில்லை என்று கொள்க.

அடுத்து, எட்டுப் பக்கங்களாகத் திட்டமிடுங்கள். ஒரு தாளை ஒருமுறை மடித்தால் நான்கு பக்கங்கள். இரு தாள்களில் நூல் முடியும். ஒவ்வொரு பக்கத்தையும் தீப்பெட்டியளவில் கிறுக்கிப் பாருங்கள்; பிழை திருத்துவதற்கு அதுவே எளிய நிலை.

உரையாடலை எழுதிய பின்னரே படம் வரைக. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. முன்னரே இடம் விடாவிடில் பேச்சுக்குமிழ் முகத்தை மறைத்துவிடும். எழுத்தைத் தனி அடுக்கில் யூனிகோடில் வைப்பின், பின்னர்த் திருத்தலாம். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் அளவில் வரைக. பெரிய படத்தைத் திரைக்கெனச் சுருக்கலாம், சிறியதைப் பெருக்கினால் மங்கிவிடும்.

வெளியிடுமுன் ஒரு நண்பரிடம் கொடுத்து, விளக்கமேதும் கூறாது, அவர் எங்கே தயங்குகிறார் என்று கவனியுங்கள். அவ்விடத்தைத் திருத்தியபின், பி.டி.எஃப். கோப்பாக்கி இணையத்தில் இடுங்கள். முதல் நூல் குறையுடையதாயினும் முடிந்த நூலாக இருக்கட்டும். முடித்தவனே அடுத்ததைத் தொடங்குவான்.