வானொலிக் கட்டுப்பாட்டு மர மாதிரிப் படகு

வானொலிக் கட்டுப்பாட்டு மர மாதிரிப் படகு என்பது, உண்மையான ஒரு படகையோ கப்பலையோ குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி மரத்தால் செய்து, கரையில் நின்றவாறு வானலைகள் மூலம் இயக்கப்படும் சிறு கலம் ஆகும். கடைகளில் கிடைக்கும் ஆயத்தத் தொகுப்புகளைத் தவிர்த்து, வரைபடத்தைக் கொண்டு எல்லாப் பகுதிகளையும் தாமே வெட்டி உருவாக்குவோரும் உளர். முதன்முறை செய்பவருக்கு இதில் தச்சு வேலையைக் காட்டிலும் எடைக் கணக்கே கடினமானது. தோற்றத்தில் குறையற்ற மாதிரியும், எடை கணக்கிடப்படாவிடின் முதல் நாளிலேயே கவிழக்கூடும்.

வரலாறு

மாதிரிக் கலங்களைக் கொண்டு உண்மைக் கலங்களின் இயல்பை அறியும் முறையை இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் புரூட் வளர்த்தெடுத்தார். டார்க்கீ நகரில் அவர் அமைத்த சோதனைத் தொட்டி 1872 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. 1898 இல் நிக்கோலா தெசுலா, நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் நடைபெற்ற மின்பொருட் கண்காட்சியில், வானலைகளால் இயங்கும் சிறு படகைக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அதற்கு 613,809 என்ற எண்ணுடைய அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

அளவு விதிகள்

எடுத்துக்காட்டாக, 15 மீட்டர் நீளமும் 4.4 மீட்டர் அகலமும் 40 டன் எடையும் கொண்ட துறைமுக இழுவைப் படகு ஒன்றை 1:20 விகிதத்தில் செய்வதாகக் கொள்வோம்.

* நீளம் 20 இல் ஒரு பங்காகும். மாதிரியின் நீளம் 75 செ.மீ., அகலம் 22 செ.மீ.
* எடை, விகிதத்தின் முப்படியால் குறையும். 20 x 20 x 20 = 8000 என்பதால், மாதிரியின் எடை 5 கிலோகிராம் ஆகும்.
* வேகம், விகிதத்தின் வர்க்கமூலத்தால் குறையும். இது புரூட் விதியிலிருந்து பெறப்படுவது. 20 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.47. உண்மைப் படகின் வேகம் 9 நாட் எனில், மாதிரி 2 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் செல்லவேண்டும். இது ஒருவர் நிதானமாக நடக்கும் வேகமாகும். இதைவிட மிகவும் விரைந்து ஓட்டினால், எழும் அலைகள் உண்மைப் படகின் அலைகளை ஒத்திரா.

காற்றை நாம் சுருக்கவியலாது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்று, இம்மாதிரிக்கு நொடிக்கு 18 மீட்டர் வேகக் கடுங்காற்றுக்கு ஒப்பாகும். ஆகவே உண்மைப் படகு நிலையாக மிதக்கிறது என்பதால் மாதிரியும் அவ்வாறே மிதக்கும் என்று கொள்ளல் ஆகாது.

கலத்தைத் தேர்ந்தெடுத்தல்

போர்க்கப்பல்களின் தோற்றம் பலரையும் கவர்வது இயல்பு. எனினும் அவை முதல் முயற்சிக்கு ஏற்றவை அல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கக் கப்பல் வகையான பிளெட்சர் வகை நாசகாரிக் கப்பல் ஏறத்தாழ 115 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும், முழுச் சுமையுடன் ஏறத்தாழ 2,500 டன் எடையும் கொண்டது. இதனை 1:100 விகிதத்தில் செய்தால், மாதிரி 115 செ.மீ. நீளமிருந்தும் 12 செ.மீ. அகலமே இருக்கும்; எடை 2.5 கிலோகிராமைத் தாண்டலாகாது. மேலே கண்ட இழுவைப் படகைவிட 40 செ.மீ. நீளமான இக்கப்பல், அதன் பாதி எடையையே தாங்கும். எனவே அகன்ற அடிப்பாகமும் குறைந்த வேகமும் உடைய இழுவைப் படகு, மீன்பிடிப் படகு போன்றவை தொடக்கநிலையினருக்கு ஏற்றவை.

எடைக் கணக்கு

நீருக்குள் இருக்கும் பகுதியின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றைப் பெருக்கி, வந்த விடையை வடிவக் குணகத்தால் பெருக்கினால் கலம் இடம்பெயர்க்கும் நீரின் கனவளவு கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 70 x 22 x 6.5 x 0.5 = 5005 கன செ.மீ. நன்னீரில் இது 5 கிலோகிராமுக்குச் சமம். இந்த 5 கிலோகிராமை மரம் வெட்டும் முன்பே பின்வருமாறு பங்கிட்டுக் கொள்ளலாம்.

* உடல்: 1500 கிராம்
* மேல்தளமும் அறைகளும்: 700 கிராம்
* மின்னோடி, தண்டு, புரொப்பெல்லர், சுக்கான்: 500 கிராம்
* வானொலிக் கருவிகள்: 200 கிராம்
* மின்கலம்: 800 கிராம்
* அடிபாரம்: 1300 கிராம்

அடிபாரம் என்பது கலத்தின் அடியில் வைக்கப்படும் ஈயத் தகடு போன்ற சுமையாகும். மேற்பகுதியில் கூடும் ஒவ்வொரு கிராமும் அடிபாரத்தைக் குறைத்து, எடை மையத்தை உயர்த்தும். ஆதலால் மேலறைகளை 1 மி.மீ. ஒட்டுப்பலகையால் செய்வது நன்று.

உடலைக் கட்டுதல்

கலத்தின் அடிநடுவே நீளவாக்கில் அமையும் கட்டை ஏரா எனவும், விலா எலும்புகளைப் போல அதன்மேல் நிற்கும் சட்டங்கள் வங்கு எனவும் தமிழில் வழங்கும்.

1. வரைபடத்தின் குறுக்குவெட்டுகளைப் படியெடுத்து, 4 மி.மீ. ஒட்டுப்பலகையில் வங்குகளை வெட்டுக. வரைபடம் கலத்தின் வெளிப்புறத்தைக் காட்டுவதாயின், மேலே ஒட்டப்படும் பட்டியின் தடிப்பை வங்கின் விளிம்பிலிருந்து கழித்தல் வேண்டும். இதை மறந்தால் 2 மி.மீ. பட்டிக்கு அகலம் 4 மி.மீ. கூடிவிடும்.
2. சமதளமான பலகையில் நடுக்கோடு வரைந்து, வங்குகளைத் தலைகீழாக நிறுத்தி, ஏராவைப் பொருத்துக.
3. வளைந்து செல்லும் பட்டி படியுமாறு வங்குகளின் விளிம்பைச் சாய்வாகத் தேய்க்க.
4. 2 மி.மீ. தடிப்புள்ள மரப்பட்டிகளை இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என மாறி மாறி ஒட்டுக. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் தொடங்கினால், உடல் முறுக்கிக்கொள்ளும். பின்னர் அதைத் திருத்தவியலாது.
5. உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சிப் பிசினால் வெளிப்புறம் முழுதும் ஒட்டுக. உட்புறத்திற்கும் பிசின் பூசுதல் வேண்டும். நீர் ஊறிய மரம் எடை கூடி உப்பும்.

இயக்கமும் வானொலியும்

புரொப்பெல்லர் தண்டு, மசகுக் களிம்பு நிரப்பிய பித்தளைக் குழாயின் உள்ளே சுழலும். குழாயின் உள்முனை நீர்மட்டத்திற்கு மேலே இருப்பின் கசிவு குறையும். மின்னோடியும் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாவிடின் அதிர்வும் மின் விரயமும் உண்டாகும். தூரிகையுள்ள மின்னோடியின் பொறிகள் வானலைகளில் இரைச்சல் எழுப்பும். அதன் முனைகளில் 0.1 மைக்ரோபேரட் மின்தேக்கிகளைப் பற்றவைத்து இதைத் தணிக்கலாம்.

சுக்கானைத் திருப்ப ஒரு சர்வோ, வேகத்தை மாற்ற ஒரு மின்னணு வேகக் கட்டுப்படுத்தி என இரு வழிகள் முதற் படகுக்குப் போதும். முன்னர் 27 மெகாஏர்ட்சு போன்ற அலைவரிசைகள் பயன்பட்டன. ஒரே அலைவரிசையில் இருவர் இயக்கினால் படகுகள் கட்டுப்பாட்டை இழந்தன. 2.4 கிகாஏர்ட்சுக் கருவிகளில் இச்சிக்கல் பெரிதும் நீங்கியது. எனினும் இவ்வலைகள் நீரில் ஊடுருவா. ஆகவே வாங்கியின் ஏறத்தாழ 3 செ.மீ. நீள வானலைக்கம்பி நீர்மட்டத்திற்கு மேலேயே இருத்தல் வேண்டும். சைகை அறுந்தால் மின்னோடி தானே நிற்குமாறும் அமைக்கவேண்டும்.

மிதப்புச் சோதனை

வண்ணம் பூசும் முன் குளியல் தொட்டியில் மிதக்கவிட்டு, வரைந்த நீர்க்கோடு வரை அடிபாரம் வைக்கவேண்டும். பின்னர் கலத்தைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு, 10 ஆட்டங்களுக்கான நேரத்தை அளக்கவேண்டும். நம் மாதிரிக்கு இது ஏறத்தாழ 10 நொடி இருப்பது நன்று. 20 நொடி ஆயின், நிமிர்த்தும் ஆற்றல் கால்பங்காகக் குறைந்துள்ளது என்பது பொருள். மேற்பகுதியின் எடையைக் குறைத்த பிறகே குளத்தில் விடலாம். உள்ளே புகுந்த சிறிதளவு நீரும், சாயும் பக்கமே ஓடிக் கலத்தைக் கவிழ்க்க வல்லது.

பாதுகாப்பு

நின்றுபோன படகை எடுக்கக் குளத்திலோ ஏரியிலோ இறங்குதல் கூடாது. சேறும் ஆழமும் கரையிலிருந்து தெரிவதில்லை. தூண்டில் கயிற்றின் முனையில் டென்னிசு பந்தைக் கட்டிப் படகுக்கு அப்பால் எறிந்து, கயிற்றை அதன்மேல் மெல்ல இழுத்து மீட்கலாம். அல்லது காற்று கரை சேர்க்கும் வரை காத்திருக்கலாம். இலித்தியம் பாலிமர் மின்கலங்கள் சேதமுற்றால் தீப்பற்றக்கூடும் என்பதால், முதற் படகுக்கு 6 வோல்ட்டு ஈய அமில மின்கலம் பொருத்தமானது. அதன் எடையும் அடிபாரத்திற்கு உதவும்.

இவற்றையும் பார்க்க

* ஆர்க்கிமிடீசு தத்துவம்
* நிக்கோலா தெசுலா
* கட்டுமரம்