பென்சன் கட்டினால் பெனிஃபிட் குறையாது

லண்டனில் கடை, பெட்ரோல் நிலையம், முதியோர் காப்பகம் என்று குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் நம்மவர்களிடம் பென்சன் பேச்சை எடுத்தால் இரண்டு பதில்கள் வரும். “வாடகைக்கே பத்தவில்லை, இதில் பென்சன் வேறயா?” என்பது ஒன்று. “பென்சனில் காசு சேர்ந்தால் யூனிவர்சல் கிரெடிட்டை வெட்டிவிடுவார்கள்” என்பது மற்றது. முதலாவதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது தவறு, அதை நம்பிப் பென்சனிலிருந்து விலகுகிறவர் மாதாமாதம் நஷ்டப்படுகிறார்.

யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் உங்கள் வருமானம் என்பது முழுச் சம்பளம் அல்ல. வருமான வரி, தேசியக் காப்பீடு, நீங்கள் கட்டும் பென்சன் பணம் மூன்றும் கழிந்த மிச்சம்தான். அந்த மிச்சத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் வீதம் பெனிஃபிட்டைக் குறைக்கிறார்கள். ஆகவே பென்சனுக்குப் போகும் காசு வருமானக் கணக்கிலிருந்து விலக விலக, பெனிஃபிட் கூடுகிறது.

மாதம் 1,520 பவுண்ட் சம்பளம் வாங்கும், பிள்ளை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2012இல் தொடங்கிய கட்டாயச் சேர்ப்புத் திட்டத்தின் குறைந்தபட்ச விகிதப்படி அவர் பங்கு 50 பவுண்ட். அதில் 10 பவுண்ட் வரிச் சலுகையாகத் திரும்பிவிடும்; கையில் குறைவது 40. அந்த 40இல் 55 சதவீதம், அதாவது 22 பவுண்ட், யூனிவர்சல் கிரெடிட்டில் கூடி வரும். உண்மையில் குடும்பம் இழப்பது 18 பவுண்ட். முதலாளி தன் பங்காக 30 பவுண்ட் போட்டாக வேண்டும் என்பதால் பென்சன் கணக்கில் சேர்வது 80. பதினெட்டைக் கொடுத்து எண்பதை எடுக்க எந்தச் சீட்டிலும் முடியாது.

எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் உள்ளவர்களுக்கும், நோயால் முழுமையாக வேலை செய்ய முடியாதவர்களுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் விடுகிறார்கள். 2025-26இல் அது, வாடகை உதவியும் பெறுபவர்களுக்கு மாதம் 411 பவுண்ட், பெறாதவர்களுக்கு 684. வருமானம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டால் பென்சன் கட்டுவதால் பெனிஃபிட் ஏறாது. ஒரு குடும்பம் வாங்கும் மொத்தப் பெனிஃபிட்டுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு இன்னொரு பொறி. வரியும் பென்சனும் போகக் குடும்பத்தின் மாத வருமானம் 846 பவுண்டாவது இருந்தால் (அதுவும் 2025-26 கணக்கு) அந்த வரம்பிலிருந்து தப்பலாம். விளிம்பில் நிற்பவர் பென்சனைக் கூட்டிக் கட்டி 846க்குக் கீழே இறங்கினால், ஏறிய பெனிஃபிட்டை விட வெட்டுப்படுவது அதிகமாகிவிடலாம். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு முதல் வருடம் கழிந்ததும், இவ்வளவாவது சம்பாதிக்கிறீர்கள் என்று ஒரு குறைந்தபட்ச வருமானத்தைப் பெனிஃபிட் அலுவலகமே வைத்துக் கணக்குப் பார்க்கும். வருமானம் அதற்குக் கீழே இருக்கிற மாதத்தில் பென்சன் கட்டினாலும் பெனிஃபிட் அசையாது.

கழிக்க வேண்டியதைக் கழித்திருக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை. சம்பளத்தில் பிடிக்கும் பென்சன் விவரத்தை முதலாளி வரித்துறைக்கு அனுப்ப, அது அங்கிருந்து பெனிஃபிட் அலுவலகத்துக்குப் போகிறது. முதலாளி தவறாக அனுப்பினால் கணக்கும் தவறும். வங்கியிலிருந்து நீங்களே நேரடியாகக் கட்டும் தனியார் பென்சன் அந்த அலுவலகத்தின் கண்ணுக்கே தெரியாது. மாதாமாதம் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜேர்னலில் எழுதி ரசீதைக் காட்ட வேண்டும். பே ஸ்லிப்பையும் யூனிவர்சல் கிரெடிட் அறிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் போதும். கணக்குப் பிசகினால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் 13 மாதம் வரை ஏற்கலாம். அதிலும் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு. ஆங்கிலம் தடையாக இருந்தால் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்குக் காசு இல்லை.

சிறிய கடைகளில் நடக்கும் ஒரு பேரத்தையும் சொல்லியாக வேண்டும். “பென்சன் வேண்டாமென்று எழுதித் தா, மணிக்கு இவ்வளவு கூட்டித் தருகிறேன்” என்று முதலாளி சொன்னால் அது சட்டவிரோதம். சொந்தக்காரர் கடை என்பதால் அது சட்டமாகிவிடாது. 22 வயது முதல் அரச ஓய்வூதிய வயது வரை உள்ள, வருடம் 10,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவரை முதலாளி தானாகவே சேர்க்க வேண்டும். அதற்குக் குறைவாக, ஆனால் 6,240க்கு மேல் வாங்குபவர் கேட்டால் சேர்க்கவும் பங்கு போடவும் முதலாளிக்குக் கடமை உண்டு. அவசரப்பட்டு விலகியவர்கள் திரும்பச் சேரலாம்.

இனிப் பணத்தை எடுக்கும் இடம். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். பென்சன் கணக்கில் கிடக்கும்வரை அந்தப் பணத்தை உங்கள் சேமிப்பாகப் பார்க்க மாட்டார்கள். 55 வயதில் (2028 ஏப்ரலிலிருந்து 57) வெளியே எடுத்தால் கதை மாறும். சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் அதற்கு மேலான ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 பவுண்ட் பெனிஃபிட்டில் போகும். 16,000ஐத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட்டே கிடையாது. கையில் 3,000 இருக்கும்போது, மகளின் கல்யாணத்துக்கு வேண்டிவரும் என்று 10,000 பவுண்டை வரியில்லாமல் எடுத்து வங்கியில் போட்டால் மாதம் 121.80 பவுண்ட் குறையும். மொத்தமாக எடுக்காமல் மாதாமாதம் பென்சனாக எடுத்தால் பவுண்டுக்குப் பவுண்ட் கழிப்பார்கள். அங்கே 55 பென்ஸ் சலுகை இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு வழி தெரிவதாகச் சிலர் நினைக்கிறார்கள். சீதனக் காசோ ஊர்க் காணி விற்ற காசோ வந்தால் அதைப் பென்சனில் போட்டு மறைத்துவிடலாமாம். பெனிஃபிட்டுக்காகவே சேமிப்பை ஒதுக்கினீர்கள் என்று அலுவலகம் முடிவுசெய்தால், அந்தப் பணம் இன்னும் கையில் இருப்பதாகவே கணக்கிடும். அதே காசில் கடனை அடைத்தால் அப்படிக் குற்றம் சொல்ல முடியாது.

அரச ஓய்வூதிய வயதைத் தாண்டியதும் விதிகள் வேறு. அங்கே யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் பதில் பென்சன் கிரெடிட். தொடாமல் வைத்திருக்கும் பென்சன் பணத்துக்கும் இவ்வளவு வருமானம் வரக்கூடும் என்று ஊகித்துக் கழிப்பார்கள். வேலை தொடர்ந்தால் கட்டும் பென்சனில் பாதியைத்தான் வருமானத்திலிருந்து நீக்குவார்கள். கணவர் அந்த வயதைத் தாண்டி மனைவி தாண்டாமல் இருந்தால், 2019 மே மாதத்திலிருந்து புதிதாக விண்ணப்பிக்கும் தம்பதியர் யூனிவர்சல் கிரெடிட்டில்தான் இருக்க வேண்டும்.

50 வயது ஆனவர்களுக்கு பென்சன் வைஸ் என்ற இலவச அரசு ஆலோசனை இருக்கிறது. பென்சனிலிருந்து ஒரு பென்னியை எடுப்பதற்கு முன்பும் அவர்களிடம் ஒருமுறை பேசுங்கள், நீங்கள் பெனிஃபிட் வாங்குவதை மறக்காமல் சொல்லுங்கள்.