சின்னம் இல்லாத சுவர்

தேர்தல் நெருங்கினால் மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையில் சுவர்களுக்கு மவுசு கூடிவிடும். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, வெள்ளையடித்து, கட்சியின் பெயரை எழுதி இடம்பிடித்து வைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு சுவரின் முன்னால் நின்றுவிட்டேன். தலைவர் பெயர் இருந்தது. 'வாக்களிப்பீர்' இருந்தது. நடுவில் சின்னம் வரைய வேண்டிய இடத்தில் வெறும் வட்டம்.

ஏணியில் நின்று தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "ஏண்ணே, சின்னம் போடலையா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்லேருந்து போன் வரணும் சார். கோர்ட்ல கேஸ் ஓடுதாம். இப்ப போட்டுட்டு நாளைக்கு அழிக்கச் சொன்னா, கூலியை யாருகிட்ட கேக்குறது?"

எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த வட்டத்துக்குள் எதை வரைவது என்பதை முடிச்சூரில் யாரும் முடிவு செய்ய முடியாது என்பதுதான் முக்கியம். அது எங்கோ ஒரு கட்சி அலுவலகத்தில், ஒரு கையெழுத்தில், அல்லது ஒரு நீதிமன்ற உத்தரவில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கையெழுத்தின் கனம்

வேட்புமனு என்றதும் ஊர்வலமும் மாலையும் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு காகிதக் கட்டு. மனு, சொத்து விவரமும் வழக்கு விவரமும் அடங்கிய உறுதிமொழிப் பத்திரம், வைப்புத்தொகை, முன்மொழிபவரின் கையெழுத்து. சட்டமன்றத் தேர்தலுக்கு வைப்புத்தொகை 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும்.

இவற்றோடு கட்சி வேட்பாளருக்கு மட்டும் இரண்டு படிவங்கள் உண்டு. 'ஏ' படிவம், கட்சியின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று சொல்லும். 'பி' படிவம், இந்தத் தொகுதிக்கு இவர்தான் வேட்பாளர் என்று சொல்லும். மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் இரண்டும் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய்ச் சேர வேண்டும். கையெழுத்து மையால் போட்டதாக இருக்க வேண்டும். ரப்பர் முத்திரை செல்லாது. 1968-ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணை சொல்வது இது.

கட்சி ஒன்றாக இருக்கும்வரை இந்தப் படிவங்களை யாரும் நினைப்பதில்லை. கட்சி இரண்டானால் முதல் சண்டை இந்தக் கையெழுத்துக்குத்தான்.

புறாவும் சேவலும்

அ.தி.மு.க.வின் இரட்டை இலையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவருக்குக் கிடைத்த சின்னம் அது. எம்.ஜி.ஆர். மறைந்து ஓராண்டில், 1989 ஜனவரி தேர்தலின்போது அது முடக்கப்பட்டது. ஜானகி அணி இரட்டைப் புறாவிலும், ஜெயலலிதா அணி சேவலிலும் நின்றன. இரு அணிகளும் இணைந்த பிறகுதான் இலை திரும்பக் கிடைத்தது.

2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் அதே கதை திரும்பியது. மனுத்தாக்கலின் கடைசி நாள் மார்ச் 23. அதற்கு முந்தைய நாள், மார்ச் 22-இல், தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. டி.டி.வி. தினகரனுக்குத் தொப்பி கிடைத்தது, எதிரணியின் மதுசூதனனுக்கு இரட்டை மின்கம்பம். அந்தத் தேர்தலே பின்னர் ரத்தானது. நவம்பர் 23-இல் இலை எடப்பாடி பழனிசாமி – ஓ. பன்னீர்செல்வம் தரப்புக்கு வந்தது. ஆனால் டிசம்பரில் நடந்த தேர்தலில் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இவையெல்லாம் பெரிய தலைவர்களின் கதைகள். அவர்களுக்குத் தொப்பி கிடைத்தாலும் குக்கர் கிடைத்தாலும் ஒரே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். தொலைக்காட்சி இருக்கிறது, பணம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. இவை எதுவும் இல்லாத ஒன்றிய வார்டு வேட்பாளர் என்ன செய்வார்?

ஊர்க்காரர் இழந்த இலை

அந்தக் கேள்விக்குப் பதில் 2022 ஜூலையில் கிடைத்தது. தமிழகம் முழுக்கக் காலியாக இருந்த உள்ளாட்சிப் பதவிகளுக்கு ஜூலை 9-இல் இடைத்தேர்தல். அப்போது அ.தி.மு.க.வில் ஒற்றைத் தலைமைச் சண்டை உச்சத்தில் இருந்தது. அன்றைய கட்சி விதிப்படி ஒருங்கிணைப்பாளர் ஓ. பன்னீர்செல்வம் (ஓ.பி.எஸ்.), இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமி (இ.பி.எஸ்.) இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் படிவம் செல்லும் என்றிருந்தது. இ.பி.எஸ். கையெழுத்திட்டு அனுப்பினால் தானும் கையெழுத்திடுகிறேன் என்று ஓ.பி.எஸ். கடிதம் எழுதினார். ஒருங்கிணைப்பாளர் பதவியே காலாவதியாகிவிட்டது என்று இ.பி.எஸ். பதில் எழுதினார். கடிதங்கள் போய்வந்தன, படிவங்கள் ஊர்களுக்குப் போகவில்லை. கட்சிச் சின்னம் உள்ள பதவிகளில் நின்ற அ.தி.மு.க.வினர் சுயேச்சைச் சின்னங்களில் வாக்குக் கேட்க வேண்டியதாயிற்று.

அப்படி நின்றவர்களில் ஒருவரை நினைத்துப் பாருங்கள். முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே இலைக்கு வாக்குக் கேட்டவர் அவர். கிளைச் செயலாளராகக் கொடி கட்டியவர், பூத் ஏஜென்ட்டாகக் காலையிலிருந்து மாலை வரை பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவர். தனக்கு ஒரு வாய்ப்பு வந்த நாளில், தான் எந்தத் தவறும் செய்யாமலே அந்த இலையை இழந்தார். அவருக்கு வாக்களிக்கக் காத்திருந்த மூதாட்டியும் சீட்டில் இலையைத் தேடி ஏமாந்தார். இந்த இழப்பு எந்தத் தீர்ப்பிலும் பதிவாகவில்லை.

முடிச்சூரில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் எழுபது வார்டுகளில் முடிச்சூர் சேரவில்லை, ஊராட்சியாகவே இருந்தது. அதற்கு முந்தைய மாதம், அக்டோபர் 6, 9 தேதிகளில், செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஊராட்சிப் பகுதியில் வாக்காளர் கையில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டுகள். வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற பொதுச் சின்னங்கள்தான். ஒன்றிய, மாவட்ட ஊராட்சி உறுப்பினர் சீட்டுகளில் மட்டும் கட்சிச் சின்னங்கள் வரும்.

முதல் இரண்டு சீட்டுகளில் ஆளைப் பார்த்து வாக்களிக்கலாம். தெருவில் தெரிந்த முகம். அடுத்த இரண்டு சீட்டுகளுக்குச் சின்னம்தான் முகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, படகில் ஏறி வெளியே வந்த ஊர் இது. யாருக்கு வாக்களித்தால் வடிகால் வரும் என்று யோசித்து வருகிற வாக்காளருக்கு, தன் கட்சி எந்தப் பெயரில், எந்தச் சின்னத்தில் நிற்கிறது என்பதாவது நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதைக்கூட உறுதிசெய்ய முடியாத கட்சியை எப்படி நம்புவது?

நாமக்கல் தந்த பூட்டு

நீதிமன்றம் இருக்கிறதே என்று தோன்றும். இந்த இடத்தில் நீதிமன்றக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கிறது. அதைப் பூட்டிய வழக்கும் தமிழ் மண்ணிலிருந்து போனதுதான்.

நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் என்.பி. பொன்னுசாமி என்பவரின் மனுவைத் தேர்தல் அலுவலர் தள்ளுபடி செய்தார். அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார், பிறகு உச்ச நீதிமன்றம் போனார். 1952 ஜனவரி 21-இல் தீர்ப்பு வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 329-ஆம் பிரிவின்படி, தேர்தல் தொடங்கிய பின் நடுவில் நீதிமன்றம் தலையிடாது; எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் வழக்காகத்தான் கேட்க முடியும் என்றது உச்ச நீதிமன்றம். அறிவிக்கை வெளியாவதிலிருந்து முடிவு வரும்வரை எல்லாமே 'தேர்தல்'தான் என்றும் விளக்கியது.

இதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு மனுவுக்கும் தடை வாங்கலாம் என்றால் நாட்டில் தேர்தலே நடக்காது. ஆனால் முடிந்த பிறகு கிடைக்கும் நீதியின் வேகத்தையும் பார்க்க வேண்டும். தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். 2016-இல் ராதாபுரத்தில் 49 வாக்கில் தோற்ற அப்பாவு, தபால் வாக்குகள் தொடர்பாக வழக்குப் போட்டார். மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். எண்ணிய முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடை நீடிக்கும்போதே அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டுக் காலமே முடிந்துவிட்டது.

மனு தள்ளுபடியானவர்களின் நிலை இதைவிட மோசம். 2017 டிசம்பர் 5-இல் ஆர்.கே.நகரில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது. முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர், கையெழுத்து தங்களுடையது அல்ல என்றார்கள். 2024-இல் குஜராத்தின் சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளரை முன்மொழிந்தவர்களும் அதையே சொன்னார்கள், மனு போனது. மற்றவர்கள் விலகினார்கள். பா.ஜ.க. வேட்பாளர் போட்டியின்றி வென்றார். ஒரு மக்களவைத் தொகுதியின் வாக்காளர்கள் அத்தனை பேருக்கும் வாக்குச்சாவடிக்குப் போகும் வேலையே இல்லாமல் போய்விட்டது.

கதவு திறந்த நாட்கள்

பூட்டு எப்போதும் திறக்காது என்றும் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலுக்கு அ.தி.மு.க.வின் இரு தரப்பும் தனித்தனி வேட்பாளர்களை அறிவித்தன. 2022 ஜூலையின் நிலை மீண்டும் வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். பிப்ரவரி 3-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: வேட்பாளரைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும், நீக்கப்பட்டவர்களும் அதில் வாக்களிக்கட்டும், முடிவை அவைத்தலைவர் தமிழ்மகன் உசேன் ஆணையத்துக்கு அனுப்பட்டும். ஓ.பி.எஸ். தரப்பு வேட்பாளர் விலகினார். இ.பி.எஸ். தரப்பின் தென்னரசு இரட்டை இலையில் நின்றார். 66,233 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார் என்பது வேறு விஷயம். மக்கள் முன் நின்று தோற்றார், காகிதத்தில் தோற்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் லடாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தேசிய மாநாட்டுக் கட்சிக்கு ஏர் சின்னம் மறுக்கப்பட்டதால், கார்கில் மலை மன்றத் தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்து, புதிதாக அறிவிக்கச் சொன்னது. லடாக் நிர்வாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

ஈரோட்டுத் தீர்வைக் கவனியுங்கள். கையெழுத்து யாருடையது என்ற கேள்வியை, உறுப்பினர்கள் யாரை விரும்புகிறார்கள் என்ற கேள்வியாக நீதிமன்றம் மாற்றியது. கட்சிகள் இதைத் தாங்களாகவே செய்திருக்க வேண்டும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொகுதி உறுப்பினர்களின் வாக்கில் இருந்தால், தலைமை இரண்டுபட்டாலும் வேட்பாளர் நிற்பார். தேர்தல் ஆணையமும் சின்னத் தகராறுகளை அறிவிக்கைக்கு முன்பே தீர்க்க வேண்டும். மனுத்தாக்கலின் கடைசி நாளுக்கு முந்தைய இரவில் வரும் உத்தரவு யாருக்கும் நியாயம் செய்யாது. மனு தள்ளுபடியானால் ஓரிரு நாளில் முடிவு சொல்லும் மேல்முறையீடு ஒன்று சட்டத்துக்குள்ளேயே வேண்டும். அது தேர்தலை நிறுத்தாது, செம்மைப்படுத்தும்.

2025-இல் பா.ம.க.வில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழுந்த பிளவு, மாம்பழச் சின்னம் யாருக்கு என்ற கேள்வியையும் ஆணையத்தின் வாசலுக்குக் கொண்டுபோனது. இது ஒரு கட்சியின் நோய் என்று யாரும் ஒதுங்க முடியாது.

அந்தச் சுவரைப் பத்து நாள் கழித்து மறுபடியும் பார்த்தேன். வட்டத்துக்குள் ஒரு சின்னம் வந்திருந்தது. எதிர்வீட்டு அம்மா தன் பேரனிடம் அதைக் காட்டி, "இதுதான் நம்ம சின்னமாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியல பாட்டி, அண்ணன் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றான். ஒரு வாக்காளர் தன் கட்சியின் சின்னத்தையே அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இனி இந்தத் தெருவுக்கு வரக் கூடாது.