பூட்டிய அறைக்குள் ஒரு மணி நேரம்

கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, லூப் சாலையை ஒட்டியிருக்கும் நொச்சிக்குப்பத்திலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வருபவர் அவர். வயது 62. நாற்பது ஆண்டுக் காலம் கடலுக்குச் சென்று வந்தவர். பதினான்கு மாதங்களுக்கு முன் மூளையின் இடப் பக்கத்து இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டதால் வலக் கையும் வலக் காலும் தளர்ந்தன, பேச்சும் போயிற்று. கால் ஓரளவு மீண்டுவிட்டது. கைத்தடி ஊன்றி நடக்கிறார். பேச்சு மட்டும் இரண்டு மூன்று சொற்களைத் தாண்டவில்லை. நான் அவரைப் பார்த்துக் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய மனைவிதான் விடை சொல்வார். தூக்கம் எப்படி, வலி உண்டா, சாப்பாடு இறங்குகிறதா, எல்லாவற்றுக்கும். (குடும்பத்தினரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்பது என் முடிவு.)

சென்ற கோடை விடுமுறையில் கல்லூரியில் படிக்கும் பேத்தியும் உடன் வந்திருந்தார். "டாக்டர், தாத்தாவை எஸ்கேப் ரூமுக்குக் கூட்டிப் போகலாமா?" என்று கேட்டார். கூடாது என்று சொல்வது மருத்துவருக்கு மிக எளிது. நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதே மாதத்தில் வேறு இரண்டு குடும்பங்களும் இதே கேள்வியைக் கேட்டிருந்தன. போய்ப் பார்க்காமல் விடை சொல்வது முறையன்று என்று தோன்றிற்று.

இந்த விளையாட்டை அறியாத பெரியவர்களுக்காகச் சில சொற்கள். நான்கு முதல் எட்டுப் பேர் வரை ஓர் அறைக்குள் செல்ல வேண்டும். கதவு மூடப்படும். அறை ஒரு கதைக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும்: கொள்ளையர் கப்பல், பேய் மாளிகை, துப்பறிவாளர் அலுவலகம் என்று. அங்குள்ள பொருள்களில் ஒளிந்திருக்கும் குறிப்புகளைக் கண்டுபிடித்து, பூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, பெரும்பாலும் 60 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். 2004இல் ஜப்பானியரான தோஷிமிட்சு தக்காகி உருவாக்கிய 'கிரிம்சன் ரூம்' என்ற கணினி விளையாட்டில், பூட்டிய சிவப்பு அறையிலிருந்து தப்பிக்க வேண்டும். அந்த வகை விளையாட்டுகளைத் திரையிலிருந்து உண்மையான அறைக்குக் கொண்டுவந்தவர் கியோட்டோ நகரின் தக்காவோ காட்டோ. அவருடைய ஸ்கிராப் நிறுவனம் 2007இல் இதைத் தொடங்கியது. 2011இல் புடாபெஸ்ட் நகரில் நிலையான அறைகள் வந்தன. பிறகு உலகெங்கும் பரவி, சென்னைக்கும் வந்து சேர்ந்தது. சக்கரவியூகத்துள் நுழையத் தெரிந்து வெளியேறத் தெரியாத அபிமன்யுவின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் அடிப்படை புதிதொன்றும் இல்லை.

எங்கள் பக்கவாத ஆதரவுக் குழுவிலிருந்து ஆறு பேர் புறப்பட்டோம்: அந்த மீனவர், அவருடைய மனைவி, பேத்தி, இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எங்கள் இயன்முறை மருத்துவர், நான். இரண்டு மாதங்களில் நகரின் மூன்று இடங்களுக்குச் சென்றோம். ஒன்றின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஓர் இடத்தில் நாங்கள் கண்ட குறை நாளையே திருத்தப்படலாம். ஓரிடத்தில் கண்ட நிறை நாளை இல்லாமலும் போகலாம். நீங்கள் போகுமிடத்தை நீங்களே சோதித்துக்கொள்வதே நல்லது.

முதலாவது கப்பல் அறை. முன்பதிவு செய்யும்போதே பேஸ்மேக்கர் பற்றித் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அது வீண்போகவில்லை. இத்தகைய அறைகளில் பல புதிர்கள் காந்தத்தால் இயங்குபவை. ஒரு சிலையை உரிய இடத்தில் வைத்தால் இழுப்பறை திறந்துகொள்ளும், அதற்குள் இருப்பது காந்தம்தான். வலுவான காந்தம் நெஞ்சருகே வந்தால், பேஸ்மேக்கர் தற்காலிகமாகத் தன் இயக்க முறையை மாற்றிக்கொள்ளக்கூடும். குறைந்தது 15 சென்டிமீட்டர் தொலைவு வேண்டும். காந்தம் உள்ள பொருள்கள் எவை என்று அங்கிருந்த இளைஞர் முன்கூட்டியே காட்டிவிட்டார். ஆசிரியை அவற்றைத் தொடவில்லை. ஆனால் யார் எதைத் தொட வேண்டும் என்று ஒரு மணி நேரமும் கட்டளையிட்டார். முப்பது ஆண்டு வகுப்பறைப் பழக்கம்.

நான் எதிர்பாராதது வேறு. கதவு மூடிய சில நிமிடங்களில் விளக்குகள் மங்கின. ஒலிபெருக்கியில் புயலும் அலையும் எழுந்தன. பலகைகள் முறியும் ஓசை, யாரோ அலறும் ஓசை. மீனவரின் மனைவி சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார். முகம் வெளிறி, நெற்றி வியர்த்திருந்தது. நாடித்துடிப்பைப் பார்த்தேன், 120ஐத் தாண்டியிருந்தது. "அந்த நாள் மாதிரி இருக்குது சார்" என்று மட்டும் சொன்னார். எந்த நாள் என்று நொச்சிக்குப்பத்தில் எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலை, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாகச் சாலையை நோக்கி ஓடியவர் அவர்.

பேஸ்மேக்கரை நினைவில் வைத்திருந்த நான் இதை மறந்துபோனேன். கடலோரத்துக் குடும்பத்தைப் புயல் அறைக்கு அழைத்துச் செல்கிறோமே என்று ஒரு கணமும் எண்ணிப்பார்க்கவில்லை. தவறு என்னுடையது. பேய், கொலை, சிறை, வெள்ளம் என்று கருப்பொருள் எதுவாயினும், அதை வாழ்க்கையில் உண்மையாகவே கண்டவர் குழுவில் இருக்கிறாரா என்று முன்னதாகக் கேட்டுவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருந்து மீண்டவர்களுக்கு 'மருத்துவமனை' என்ற கருப்பொருளும் அப்படித்தான்.

வெளியே போய்விடலாம் என்றேன். கதவின் அருகே பச்சைப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் கதவு திறந்துவிடும். அதை அவரிடம் காட்டினேன். அழுத்தித் திறந்தும் பார்த்தார். திறந்த கதவைக் கண்டதும் மூச்சு சீரானது. "சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, இருக்கேன்" என்றார். நிறுத்தினார்கள். கதவைச் சற்றுத் திறந்தே வைத்துக்கொண்டு விளையாடினோம்.

சத்தம் நின்ற பிறகுதான் அவருடைய கணவரின் குரல் எங்களுக்குக் கேட்டது. அவர் எப்போதிருந்து பேச முயன்றுகொண்டிருந்தார் என்று தெரியவில்லை. "க... க..." என்று பாய்மரத்தடியைச் சுட்டிக்கொண்டிருந்தார். மனைவி வழக்கம்போல, "தண்ணி கேக்கிறாரு" என்றார். "ஆயா, நீ சும்மா இரு. தாத்தா சொல்லட்டும்" என்றார் பேத்தி. ஆறு பேரும் காத்திருந்தோம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, ஒன்றும் செய்யாமல் நிற்பது கடினமாகத்தான் இருந்தது. ஏறத்தாழ இருபது விநாடிகள். "கயிறு" என்றார்.

பாய்மரத்தின் அடியில் ஒரு மரப்பெட்டி கனத்த கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அருகே சென்று, கைத்தடியை என்னிடம் நீட்டிவிட்டு, இடக் கையாலும் பல்லாலும் அந்த முடிச்சை அவிழ்த்தார். (பலர் தொட்ட கயிறு, மருத்துவராக நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.) பெட்டி திறந்தது. உடனே ஒலிபெருக்கியில் அந்த இளைஞரின் குரல்: "சார், அது அலங்காரத்துக்குக் கட்டினது. அதை அவிழ்க்கக் கூடாது. இதுவரைக்கும் யாரும் அவிழ்த்ததில்லை." பெட்டிக்குள் இருந்தது நான்கு புதிர்களுக்குப் பின் கிடைக்க வேண்டிய சாவி. விளையாட்டின் ஒழுங்கே குலைந்துபோயிற்று. கடைசிப் பூட்டு ஒன்று திறக்காமல் நேரம் முடிந்து, தோற்றோம். தோற்றவர்களில் எவருக்கும் வருத்தமில்லை.

இங்கே நடந்ததைச் சற்று விளக்க வேண்டும். மொழியாற்றல் பெரும்பாலோருக்கு இடப்புற மூளையில் அமைந்துள்ளது. அங்கே அடைப்பு ஏற்படும்போது சொல் சிதைகிறது, அறிவு சிதைவதில்லை. கை பழகிய திறன்கள், அதாவது முடிச்சுப் போடுவது, வலை பின்னுவது, கோலமிடுவது போன்றவை, மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. எனவே 'முடிச்சு' என்ற சொல்லை எட்ட முடியாதவர் முடிச்சை அவிழ்க்க முடியும். பேச்சிழந்தவரோடு உரையாடும்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள், கேட்டுவிட்டுக் குறைந்தது பத்து விநாடியாவது காத்திருங்கள், சுட்டிக்காட்டினால் அதையும் விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று புறநோயாளிப் பிரிவில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த அம்மையாரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்காமல் இருந்தவர் அல்லர். கணவர் தடுமாறுவதைக் காணப் பொறுக்காமல் முந்திக்கொள்பவர். காத்திருந்தால் சொல் வரும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டார்.

எஸ்கேப் ரூம் பக்கவாதத்துக்குச் சிகிச்சை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பேச்சுப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும் மாத்திரைக்கும் அது ஈடாகாது.

இரண்டாவது இடம் பேய் மாளிகை. மாடியில் இருந்தது, மின்தூக்கி இல்லை. படி ஏறவே அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அவசரத்தில் எப்படி வெளியேறுவது என்று கேட்டேன். "நாங்க வந்து திறப்போம் சார்" என்றார்கள். கதவு வெளியிலிருந்து சாவியால் பூட்டப்படுவது. உள்ளே பொத்தான் இல்லை. சன்னல் பலகையால் அடைக்கப்பட்டிருந்தது. நாங்கள் உள்ளே செல்லவில்லை. கட்டிய பணம் திரும்பி வரவில்லை, அது போகட்டும். 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில் பிறந்தநாள் கொண்டாடச் சென்ற 15 வயதுச் சிறுமியர் ஐவர், இத்தகைய ஓர் அறையில் தீ விபத்தில் வெளியேற வழியின்றி உயிரிழந்தார்கள். வெப்பமூட்டும் கருவியிலிருந்து கசிந்த எரிவாயுவே தீக்குக் காரணமாயிற்று. அதன்பின் அந்நாடெங்கும் இத்தகைய அறைகளைச் சோதித்துப் பலவற்றை மூடினார்கள். விளையாட்டில் பூட்டு இருக்கலாம். நீங்கள் வெளியேறும் கதவில் உண்மைப் பூட்டு இருக்கக் கூடாது. உள்ளிருந்து திறக்குமா என்று வாயால் கேட்டால் போதாது. பணம் கட்டுமுன் திறந்து பாருங்கள்.

மூன்றாவது துப்பறிவாளர் அலுவலகம். தரைத்தளம், நல்ல வெளிச்சம், சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு இடம், அமர மூன்று நாற்காலிகள். முதியோருக்கு மூன்றில் இதுவே ஏற்றது. ஆனால் ஒரு குறிப்பும் தமிழில் இல்லை. கடிதம், செய்தித்தாள் துணுக்கு, சுவரெழுத்து அனைத்தும் ஆங்கிலம். முதல் அறையில் தைரியமாக நின்ற அந்த அம்மையார் இங்கே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக அமர்ந்துவிட்டார். பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னார்தான். ஆயினும் சொற்புதிரை மொழிபெயர்த்தால் புதிர் போய்விடுகிறது. விடுகதை சொல்லிப் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் ஊரில் தமிழ்ப் புதிர்களுக்குப் பஞ்சமா? பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

செல்ல விரும்புவோருக்கு மருத்துவ எச்சரிக்கைகள் சில. வலிப்பு நோய் உள்ளவர்கள், விளக்குகள் விட்டுவிட்டு மின்னுமா என்று கேட்க வேண்டும். விநாடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் புகைக்கருவி உண்டா என்று கேளுங்கள். இன்ஹேலர் வெளியே பூட்டிவைத்த பையில் இருந்தால் பயனில்லை, சட்டைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் வெறும் வயிற்றில் செல்லக் கூடாது. கை நடுங்கி வியர்த்தால், அது பரபரப்பா சர்க்கரை குறைவா என்று ஆராய்ந்துகொண்டிராமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொண்டு அமர்ந்துவிடுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். விளையாட்டின் நடுவே எவருக்கேனும் வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். 'ஆட்டம் முடியட்டும்' என்று ஐந்து நிமிடமும் வீணாக்கக் கூடாது.

குடும்பமாகச் சென்றால் சில ஆயிரங்கள் செலவாகும். அது எல்லோராலும் இயலாது. நொச்சிக்குப்பத்துப் பேத்தி இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு பிஸ்கட் டப்பா, மூன்று எண்கள் கொண்ட சிறு பூட்டு, நான்கு துண்டுச் சீட்டு. தாத்தாவுக்கு மீன்களின் படம் வரைந்து, எந்த மீன் எந்தக் காற்றில் கிடைக்கும் என்று அடுக்கச் சொல்கிறார். ஆயாவுக்குச் சந்தைக் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆடலாம். கடிகாரம் வைப்பதில்லை. பிள்ளைகள் விடையைக் கத்திவிடக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. அதை மீறுபவர் ஆயாவே என்று புகார்.

சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது அந்த டப்பாவை என் மேசைமேல் வைத்தார்கள். பூட்டு இல்லை; கயிற்றால் கட்டியிருந்தது. கட்டியவர் எதிரே அமர்ந்திருந்தார். தூக்கம் எப்படி என்று அவரைக் கேட்டேன். அம்மையார் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து அவரே, "நல்லா" என்றார். பிறகு டப்பாவைக் காட்டி, இடக் கை விரல்களை விரித்தார். எனக்கு ஐந்து நிமிடம் தருகிறாராம். வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அடுத்த முறை திறந்து காட்டுவதாகச் சொல்லி அனுப்பினேன். டப்பா இன்னும் கட்டியபடியே இருக்கிறது.