கம்பு வறட்சி தாங்கும்; காப்பீடு எதற்கு?

பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்க நெருங்க, விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. "கம்பும் மக்காச்சோளமும் சி-4 பயிர், வறட்சியைத் தாங்கும் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். பிறகு நான் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்?" இன்னொருவர், சி-4 என்பது எந்த விதைக் கம்பெனியின் ரகம் என்று கேட்டிருக்கிறார்.

இலை வெயிலையும் கரியமில வாயுவையும் வாங்கிச் சர்க்கரை செய்கிற கதையைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லியாயிற்று, விட்டுவிடுகிறேன். நோட்டீஸ் தமிழில் 'வறட்சியைத் தாங்கும் பயிர்' என்றால், தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை என்று அலுவலகம் முடிவு கட்டிவிட்ட பயிர் என்று பொருள். சி-4 என்பதன் பொருள் அதுவல்ல.

எல்லாம் ரூபிஸ்கோ என்ற நொதியின் தடுமாற்றத்தில் தொடங்குகிறது. கரியமில வாயுவைப் பிடிப்பதுதான் அதன் வேலை. அது உருவான காலத்தில் காற்றில் ஆக்சிஜன் இல்லாத குறைதான். அதனால் இரண்டையும் பிரித்தறியும் அவசியமே அதற்கு வரவில்லை. இன்றைக்கு 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ நாலுக்கு ஒரு தடவை ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அந்தப் பிழையைச் சரிக்கட்ட, முன்பே சேர்த்த கார்பனில் ஒரு பங்கைச் செடி காற்றில் விட வேண்டியிருக்கிறது. வெக்கை ஏறினால் பிழையும் ஏறும். நெல், பருத்தி, உளுந்து, பனை எல்லாம் இந்தப் பிழையோடுதான் காலம் தள்ளுகின்றன. முதலில் கிடைக்கும் பொருளில் மூன்று கார்பன் இருப்பதால் இவை சி-3.

சி-4 செடி ரூபிஸ்கோவைத் திருத்தவில்லை. அதற்குத் தனி அறை கட்டியது. உப்பளம் பார்த்த தூத்துக்குடிக்காரருக்கு இது எளிது. மோட்டார் இறைக்கிற நீரை யாரும் நேராகப் பாத்திக்குத் திறப்பதில்லை. தெப்பத்தில் தேக்கி, அடர்த்தி ஏறிய பிறகே பாத்திக்கு விடுவார்கள். அதுபோல, இலையின் வெளிப்புறச் செல்லில் வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடிக்கிறது. அது ஆக்சிஜனிடம் ஏமாறாது. நாலு கார்பன் உள்ள அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உள்செல்லுக்கு அனுப்புகிறது. அங்கே வாயு மறுபடி அவிழ்கிறது. உள்ளே வெளியைவிடப் பத்து மடங்கு அடர்த்தி. ஆக்சிஜனுக்கு இடமே கிடைக்காத அந்த நெரிசலில் ரூபிஸ்கோ ஒழுங்காக வேலை செய்கிறது. கம்புத் தோகை ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் நெருக்கி நெருக்கி ஓடும். ஒவ்வொன்றையும் சுற்றி இந்தப் பச்சை அறைகள்தான்.

மோட்டாருக்குக் கரண்ட் செலவு இருப்பதுபோல இதற்கும் கூடுதல் ஆற்றல் செலவு உண்டு. வெயில் கொட்டுகிற கரிசலில் கட்டுப்படியாகும்; நிழலில் நஷ்டம். ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் கரும்பை வைத்து இந்த வழியை விளக்கினார்கள்.

இது ஒரே ஒரு மூதாதைச் செடியிலிருந்து வந்ததல்ல என்பதுதான் என்னை அசரவைக்கிறது. பூக்கும் தாவரங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அந்த நொதிகள் எல்லாம் சி-3 செடிகளிலும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆட்கள். இடம் மாற்றி, ஆள் கூட்டியதுதான் புதுசு. பாதி வழியில் நின்றுவிட்ட செடிகளும் இன்றுவரை இருக்கின்றன. உப்பளக் கரைக்கே போங்கள். உமரியில் ஆள் உயரத்துக்குப் புதராக வளர்கிற இனம் சி-4. தாழ்ந்து கிடக்கிற அதன் பங்காளி சி-3. அதே உப்பு, அதே வெயில், இரண்டும் பிழைக்கின்றன.

முதன்முதலில் சி-4 வழி தோன்றியது சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் கரியமில வாயு வற்றிப்போன காலத்தில். அப்போது வந்தது தண்ணீர்ப் பஞ்சம் அல்ல, வாயுப் பஞ்சம். வாயுவை இறுக்கிப் பிடிப்பதால் இலைத்துளையை அதிகம் திறக்க வேண்டியதில்லை. தண்ணீர் மிச்சமாவது அந்த வழியில் வந்த உபரி லாபம். வேருக்கு ஈரமே இல்லையென்றால் மோட்டாரும் நின்றுவிடும். மக்காச்சோளம் சி-4தான், பூத்து நூல் விடுகிற நாட்களில் மழை பொய்த்தால் மணி பிடிக்காது. குதிரைமொழித் தேரியின் செம்மணலில் தலைமுறைகளாக நிற்கிற பனை சி-3. கம்பு தாங்குகிறதென்றால் அதன் வேருக்கும் குறுகிய வயதுக்கும் அதில் பங்குண்டு. 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபோது இதெல்லாம் 'ஸ்ரீ அன்ன' என்ற இரண்டு சொல்லுக்குள் போய்விட்டது. காற்றில் கரியமில வாயு 420 பிபிஎம்மைத் தாண்டிவிட்டதால் சி-4இன் பழைய அனுகூலம் சுருங்குகிறது என்பதையும் எந்த நோட்டீஸும் சொல்லாது.

மற்ற கேள்விகள்.

கற்றாழை, பிரண்டை? இரவில் துளை திறந்து வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் மூடிக்கொண்டு செலவழிக்கிற மூன்றாம் வகை. பிரண்டையில் தண்டு மட்டும் அப்படி, இலை சி-3. தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலை காலையில் புளித்து மதியம் சப்பென்று ஆவதை மென்று பார்த்து 1813இல் கடிதமே எழுதியிருக்கிறார்.

மன்னார் வளைகுடாவின் கடல்புல்? பூக்கும் தாவரம்தான், எந்த வகையில் சேர்ப்பது என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை.

நெல்லைச் சி-4 ஆக்கலாமா? பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை மையமாக வைத்து 2008 வாக்கில் தொடங்கிய திட்டம். விவசாயி கைக்கு இன்னும் விதை வரவில்லை.

விதைக் கம்பெனி ரகமா? இல்லை.

பிரீமியம்? கட்டுங்கள். ராபி பருவக் கம்புக்கும் மக்காச்சோளத்துக்கும் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். படைப்புழுவுக்கு சி-3, சி-4 எல்லாம் ஒன்றுதான். அடங்கலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்விடுங்கள். கடைசி நாளில் வரிசையும் நீளும், சர்வரும் படுத்துவிடும்.