அரக்கு மெருகு

தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லில், பாறைகளில் மோதிச் சிதறும் காவிரியின் நீர்த்திவலைகள் புகைபோல் எழுகின்றன. கன்னடத்தில் ‘ஹொகே’ என்பது புகையையும் ‘கல்’ என்பது பாறையையும் குறிக்கும். ஊரின் பெயருக்கு அதுவே பொருள். கண்ணுக்கு இனிய இந்த ஈரம், பழைய மரப்பொருள்களுக்குப் பகையாகும். இத்தகைய இடத்தில் பழைய இசைப்பெட்டி ஒன்று நெடுநாள் இருப்பின், அதன் மெருகில் வெண்மை படரக்கூடும். மரமே கெட்டுவிட்டதெனக் கருதி, உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பூச்சு பூசுவோர் உண்டு. மீட்க இயலாத இழப்பு அங்கேதான் நிகழ்கிறது.

எடிசன் 1877ஆம் ஆண்டு போனோகிராஃப் கருவியை உருவாக்கினார். அது உருளையில் ஒலியைப் பதிந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் பெர்லினர் வடிவமைத்த கிராமபோன், தட்டில் ஒலியைப் பதிந்தது. 1906இல் விக்டர் நிறுவனம், ஒலிக்குழலைப் பெட்டிக்குள் மறைத்த ‘விக்ட்ரோலா’வை வெளியிட்டது. இசைக்கருவி அழகிய அறைகலனாகவும் மாறியது.

அக்காலப் பெட்டிகள் பலவற்றுக்கு அரக்கினால் மெருகிட்டனர். அரக்குப்பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் கொம்பரக்கு எனப்படும். அதைத் தூய்மை செய்து மெல்லிய சில்லுகளாக்கினால் அவலரக்கு கிடைக்கும். இதனை உலகுக்கு வழங்கிய நாடுகளுள் இந்தியா முதன்மையானது. பழைய இசைத்தட்டுகளும் அவலரக்குடன் கல்தூள் முதலியன கலந்தே வார்க்கப்பட்டன. பாடலைச் சுமந்த தட்டிலும் அதை ஒலித்த பெட்டியிலும் இருந்தது ஒரே அரக்கு.

சீரமைப்பின் முதற்படி, பூச்சு இன்னதென அறிவதாகும். பெட்டியின் மறைவான ஓரிடத்தில் எரிசாராயம் ஒரு துளி இட வேண்டும். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு. இளகாவிடில் அது எண்ணெய் வார்னிஷாகவோ, 1920களில் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சாகவோ இருக்கலாம். அதற்குரிய முறை வேறு.

அரக்குப் படலத்துள் ஈரம் புகுந்தால் ஒளி சிதறி வெண்மை தோன்றும். ஆகவே, பழுது பெரும்பாலும் படலத்தில்தான், மரத்தில் அன்று. முதலில் டர்பன்டைன் தோய்த்த பஞ்சால் பழைய மெழுகையும் அழுக்கையும் மெல்லத் துடைக்க வேண்டும். பின்னர், எரிசாராயத்தில் சிறிதே நனைத்த துணிப்பொதியை ஓரிடத்திலும் நிறுத்தாமல் விரைந்து வருடினால், பழைய அரக்கே இளகி வெடிப்புகளை இணைத்துக்கொள்ளும். நிறுவன முத்திரை ஒட்டப்பட்ட பகுதியைத் தவிர்க்க வேண்டும். மெருகு தேய்ந்த இடங்களில் மட்டும், எரிசாராயத்தில் கரைத்த அவலரக்கை மெல்லிய படலங்களாக ஏற்றலாம். ஒவ்வொரு படலமும் உலர்ந்த பின்னரே அடுத்தது. எரிசாராயம் எளிதில் தீப்பற்றும். ஆதலால் காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புக்கு விலகியே பணிசெய்ய வேண்டும்.

உப்புத்தாள் மெருகை மட்டும் அகற்றுவதில்லை. மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகட்டையும், காலம் அளித்த நிறத்தையும் சேர்த்தே அரித்துவிடும். அரக்கோ கரைந்து மீண்டும் இறுகுவது. இன்று ஏற்றிய படலத்தைத் தேவையெனில் நாளை வருவோர் நீக்கவும் இயலும். ஆனால், மெருகுக்கு உயிரூட்டும் அதே எரிசாராயம், தட்டில் பட்டால் பாடலின் வரித்தடத்தையே சிதைத்துவிடும். எனவே புட்டியைத் திறக்குமுன், இசைத்தட்டுகளை அப்பால் எடுத்து வைப்பதே முதற்பணி.